நான்கு சிப்பாய்களும் ஒரு நாயும்

வந்தவாசி என்றால் கோரைப்பாய். பள்ளிப் பாடத்தை அடியோடு மறந்துவிடாதவர்களுக்கு 1760 என்ற ஆண்டும் கூடவே வரும். திருவண்ணாமலையிலிருந்து சேத்துப்பட்டு வழியாகப் பேருந்தில் போய் இறங்கி, கோட்டை எங்கே என்று கேட்டால் கை காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் மதிலின் மிச்சமும் அகழியின் தடமும்தான். செஞ்சியைப் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால், படை நடத்தும் அதிகாரியின் துணிச்சல் யாருக்குச் சொந்தம் என்று யோசிக்க, இந்த மாவட்டத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாகப் பெரும்படையோடு இறங்கினார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. சில சண்டையில் போயின; பல, பேரத்தில் போயின. வந்தவாசிக் கோட்டைத் தலைவரான கில்லேதாரும் பேரத்தை முடித்துவிட்டார். கோட்டையை ஹைதரிடம் ஒப்படைக்கும் ஓலைக்கு முத்திரை வைப்பதுதான் பாக்கி. ஆகஸ்ட் 11 அன்று, அந்த முத்திரை விழுவதற்குள், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் லெப்டினன்ட் வில்லியம் ஃபிளின்ட் அங்கே வந்து சேர்ந்தார். கூட ஒரு இளநிலை அதிகாரியும் நூறு சிப்பாய்களும்.

மேற்கொண்டு ஓர் அடி வைத்தால் சுடுவோம் என்று உள்ளேயிருந்து எச்சரிக்கை வந்தது. ஃபிளின்ட் சிரித்துக்கொண்டே, நவாபின் கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், கில்லேதார் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லியனுப்பினார். நயமாகப் பேசிப் பேசியே வாசல்வரை நெருங்கிவிட்டார். கடைசியில், கதவுக்கும் அதன் முன்னிருந்த தடுப்புக்கும் நடுவிலுள்ள இடத்தில் சந்திக்கக் கில்லேதார் சம்மதித்தார். கூட நாலே நாலு சிப்பாய்கள் வரலாம். அங்கே ஜமுக்காளம் விரித்து அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வாள் ஏந்திய மெய்க்காவலர் முப்பது பேர். அணிவகுத்து நின்ற சிப்பாய்கள் நூறு பேர்.

கடிதம் ஏதும் இல்லை என்பதை ஃபிளின்ட் அங்கேயே ஒப்புக்கொண்டார். தன் சர்க்காரின் உத்தரவைத்தான் நீட்டினார். கில்லேதார் நக்கலாகச் சிரித்து, வந்த வழியே போ என்றார். திரும்பிப் போக வழியில்லை, நாடெல்லாம் ஹைதரின் குதிரைகள் என்றார் ஃபிளின்ட். பேச்சு முடிந்தது என்று கில்லேதார் எழுந்த நொடியில் அவரை எட்டிப் பிடித்துவிட்டார். யார் அசைந்தாலும் இவர் உயிர் போகும் என்றார். அதே நொடியில் நான்கு சிப்பாய்களின் துப்பாக்கிக் கத்திகளும் கில்லேதாரின் மார்பில் போய் நின்றன. சுற்றியிருந்தவர்கள் திகைத்து நின்ற நேரம் மிகச் சிறியது. வெளியே நின்ற மற்றவர்கள் உள்ளே பாய்ந்து வர அது போதுமானதாக இருந்தது.

இதைச் சொல்பவர் மார்க் வில்க்ஸ். மைசூர் ராஜ்யத்தின் வரலாற்றை எழுதிய கும்பினி அதிகாரி. ஃபிளின்ட்டை அவர் கொண்டாடுகிறார், கொண்டாட வேண்டியதுதான். அதற்குப் பிறகு அந்த லெப்டினன்ட் செய்தது வாசலில் செய்ததைவிடப் பெரிய காரியம். பீரங்கி இயக்கத் தெரிந்த ஆள் இல்லை, வெடிமருந்து போதவில்லை. வெடிமருந்தை உள்ளேயே தயாரித்தார். ஊர்த் தட்டார்களைப் பிடித்து யுத்த வேலைக்குப் பழக்கினார். சின்னதாக ஒரு குதிரைப்படைகூடத் திரட்டினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முழுதாக அழிந்தபிறகும் வந்தவாசி விழவில்லை. ஹைதரின் ஆட்கள் பதுங்குகுழி வெட்டி நெருங்கியும் விழவில்லை. 1781 ஜனவரி 24 அன்று சர் அயர் கூட் வந்து சேர்ந்தபோது கோட்டை ஃபிளின்ட் கையிலேயே இருந்தது. 1783 வரை அவர் அதை விடவில்லை. கடைசியில் அதை இடித்தது எதிரி அல்ல; வைத்துக் காப்பாற்ற முடியாது என்று கும்பினியே இடித்தது. இன்று நாம் பார்க்கும் மிச்சத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த நான்கு பேர்?

வில்க்ஸ் அவர்களை விசுவாசமானவர்கள் என்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்கப்பட்டவர்கள் என்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். முன்பே சொல்லிவைக்கப்பட்டார்கள் என்றால், நூற்று முப்பது பேர் நடுவே ஐந்து பேராக நுழையப்போகிறோம் என்று தெரிந்துதான் நுழைந்திருக்கிறார்கள். திட்டம் பலித்தால் பெயர் துரைக்கு. பலிக்காவிட்டால் துரையை எவரும் உடனே வெட்டமாட்டார்கள். வெள்ளை அதிகாரி கைதியாக விலைபெறக்கூடியவர். பொள்ளிலூரில் பிடிபட்ட பெய்லியே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாகத்தான் கொண்டுபோகப்பட்டார். நான்கு சாதாரணச் சிப்பாய்களுக்கு அந்த விலை ஏது? ஆபத்தைப் பங்குபோட்டால் பெரிய பங்கு அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஒரு கணம் கை நடுங்கியிருந்தால், ஒருவன் மட்டும் பின்வாங்கியிருந்தால், ஃபிளின்ட் என்ற பெயரையும் நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன மொழி பேசினார்கள், எப்போது செத்தார்கள், ஒன்றும் தெரியாது. வடக்கன், தெற்கத்தியான், தெலுங்கன், முகமதியன் எல்லோரும் கலந்த பட்டாளம் அது. நான்கு துப்பாக்கிக் கத்திகள் மட்டும் நமக்குத் தெரிகின்றன. பிடித்திருந்த கைகள் தெரியவில்லை.

அதே வந்தவாசியில், அதே ஊர் எல்லையில், இருபது வருஷம் முன்பு நடந்ததை நினைத்துப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் துலங்கும். 1760 ஜனவரி 22. பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் கவுன்ட் லாலி. ஆங்கிலேயருக்கு அயர் கூட். இருவருமே அயர்லாந்து வேர்கொண்டவர்கள் என்பது ஒரு வேடிக்கை. லாலியைக் கோழை என்று அவருடைய பகைவர்கள்கூடச் சொன்னதில்லை. முன்கோபி, யாரையும் மதிக்காதவர், எல்லோரையும் திருடன் என்று நினைப்பவர். புதுச்சேரியில் குடியானவர், பிராமணர் என்று பார்க்காமல் எல்லோரையும் வண்டியிழுக்க வைத்தவர் என்ற கெட்ட பெயர் அவருக்கு உண்டு. ஆனால் தைரியசாலி. சண்டைக்கு மூன்று மாதம் முன்புதான் சம்பளப் பாக்கிக்காக அவருடைய ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்திருந்தார்கள்.

அன்று காலை, தன் ஐரோப்பியக் குதிரைப்படையிடம் போய் லாலி தாக்கச் சொன்னார். ஒரு குதிரையும் நகரவில்லை. தலைமை அதிகாரியைப் பதவி நீக்கினார். அடுத்தவருக்கு உத்தரவிட்டார், அவரும் மறுத்தார். கடைசியில் தானே முன்னால் போனார். இப்போது குதிரைகள் நகர்ந்தன. எதிரே இரண்டு ஆங்கிலப் பீரங்கிகள் வெடித்தன. பத்துப் பதினைந்து குதிரைகள் சாய்ந்தன. மற்றவை திரும்பி ஓடின. கொஞ்ச நேரம் பிரெஞ்சுத் தளபதி எதிரியின் முன்னால் கிட்டத்தட்டத் தனியாக நின்றிருந்தார்.

அன்றைக்குத் தனியாக நின்றவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. பிரெஞ்சுப் பதுங்கணையில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறியது. அந்தக் குழப்பத்தில் இடம் பறிபோகாமல் இருக்க, புஸ்ஸி லாலியின் பெயர்கொண்ட படைப்பிரிவை நடத்திக்கொண்டு துப்பாக்கிக் கத்தியோடு முன்னேறினார். தக்காணத்தில் பல வருஷம் நிஜாம் அரசையே ஆட்டிவைத்த புஸ்ஸிதான். குதிரை சுடப்பட்டது. இறங்கி நடந்தார். திரும்பிப் பார்த்தபோது இருபது பேர் அளவில்தான் கூட இருந்தார்கள். சிறைப்பட்டார். எதிர்ப்பக்கத்தில் மேஜர் பிரெரெட்டன் என்பவர் அதே பதுங்கணையைப் பிடிக்கப்போய்க் குண்டடிபட்டு விழுந்தார். தூக்கவந்த தன் வீரர்களை, என்னை விட்டுவிட்டு முன்னே போங்கள் என்று விரட்டினாராம். அவர்கள் போனார்கள். இடத்தைப் பிடித்தார்கள். பிரெரெட்டன் பிழைக்கவில்லை.

லாலி, புஸ்ஸி, பிரெரெட்டன் மூவரும் குண்டுக்கு முன்னால் நின்றவர்கள். தைரியத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை. வித்தியாசம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பட்டாளத்தில் இருந்து வந்தவர்களிடம் கேளுங்கள், இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்: ஆபீசர் ஓடச் சொன்னால் ஓடமாட்டோம், ஆபீசர் முன்னே ஓடினால் ஓடுவோம். நான் அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன். ஓடுகிற ஆபீசர் பின்னால் எல்லாச் சிப்பாயும் ஓடுவதில்லை. தன்னை மனுஷனாக மதித்தவன் பின்னால்தான் ஓடுகிறான். சம்பளம் தராத, வாய்க்கு வந்தபடி ஏசுகிற லாலியின் வீரம் அவருக்கே உதவவில்லை. 1766 மே மாதம் பாரிஸில், வாயில் துணி அடைத்து, அவர் தலையை அவருடைய சொந்த அரசாங்கமே வெட்டியது. அநியாயத் தீர்ப்பு என்று வோல்டேர் போராடினார்; 1778ல் தீர்ப்பு ரத்தானது. தலை திரும்ப வரவில்லை.

இனி, நம்ம ஊருக்கு வருகிறேன். அண்ணாமலையார் கோயில் மதிலைக் கிரிவலம் வருகிறவர்கள் பக்தியோடு பார்க்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அதைப் பார்த்தவர்கள் கோட்டையாகப் பார்த்தார்கள். 1753இலிருந்து 1790 வரை இந்த ஊரை முற்றுகையிடாதவர், பிடிக்காதவர், இழக்காதவர் குறைவு. மராட்டிய முரார் ராவ் வந்தார், பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், தியாகதுர்கத்துக் கில்லேதார் வந்தார், 1760ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், கடைசியில் திப்பு வந்தார். ராஜகோபுரம் எல்லாவற்றையும் 217 அடி உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இவற்றில் பெரியது 1767. செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்தில் ஹைதரும் நிஜாமும் சேர்ந்த பெரும்படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித் எதிர்கொண்டார். ஆங்கிலேயக் கணக்குப்படி எதிரே எழுபதாயிரம் பேர். ஸ்மித்திடம் ஏழாயிரம் அளவில். அந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே நம்பலாம். ஜெயித்தவர் எண்ணும்போது எதிரி எப்போதும் பெருகுவான். செங்கத்துக் குன்று ஒன்றை யார் முதலில் பிடிப்பது என்பதுதான் சண்டை. சிப்பாய்கள் முதலில் ஏறிவிட்டார்கள்; ஹைதர் திரும்பத் திரும்ப ஆளனுப்பியும் இறங்கவில்லை. ஜெயம் ஸ்மித்துக்கு. ஆனால், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எதிரிக் குதிரைகள் பின்னால் புகுந்து அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய்விட்டன.

ஜெயித்த படை பட்டினியாகத் திருவண்ணாமலைக்கு நடந்தது. நவாபின் ஆட்கள் அங்கே அரிசி குவித்துவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் நெல்தான் கிடந்தது, அதுவும் கொஞ்சம். அரிசி இல்லை. குத்தித் தர ஊரில் ஆளில்லை. சனங்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். கும்பினியின் பீரங்கியும் கர்னலின் துணிச்சலும் உலக்கை பிடிக்கும் பெண்கள் இல்லாமல் அந்த ஊரில் ஒரு வாய்ச் சோற்றுக்கு ஆகவில்லை. படை வரலாறுகளில் நான் படித்த வரிகளில் எனக்கு மறக்காத வரி இதுதான். காயம்பட்டவர்களை இங்கே விட்டுவிட்டு ஸ்மித் அரிசி தேடிக் கிழக்கே அலைந்தார். திருச்சியிலிருந்து வந்த கர்னல் உட்டின் படை அங்கே அவரோடு சேர்ந்தது.

செப்டம்பர் 26ஆம் தேதி திருவண்ணாமலை அருகே மறுபடி சண்டை. நடுவே சதுப்பு நிலம், பக்கத்தில் ஒரு குன்று. சதுப்பைச் சுற்றிப் போக ஸ்மித் குன்றின் ஒரு பக்கமாக வளைந்தார். ஆங்கிலேயர் ஆர்க்காட்டை நோக்கி ஓடுகிறார்கள் என்று நினைத்த ஹைதரின் ஆட்கள் மறுபக்கமாக வளைந்து வந்தார்கள். ஒருவரையொருவர் குன்று மறைத்திருந்தது. திருவண்ணாமலைக்காரனுக்கு இது சட்டென்று புரியும்: ஒருவர் வலம் வந்தார், மற்றவர் இடம் வந்தார், எதிர்ப்பட்டுக்கொண்டார்கள். யானைமேல் அந்தப்புரப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த நிஜாம், யானைகளைத் திருப்பச் சொன்னபோது, இந்த யானைக்கு அப்படித் திரும்பப் பழக்கமில்லை, கொடியின் பின்னால் போகத்தான் தெரியும் என்று அம்பாரிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சொன்னதாக வில்க்ஸ் எழுதுகிறார். உண்மையோ கதையோ, அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. நிஜாம் சிங்காரப்பேட்டைப் பக்கம் ஓடினார். அறுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் சிக்கின.

ஸ்மித், உட், கூட், ஃபிளின்ட், பிரெரெட்டன். எத்தனை பெயர்களைச் சொல்லிவிட்டேன்! பத்தில் எட்டு ஒன்பது பேர் இந்த மண்ணின் ஆட்களாக இருந்த படையில், இந்த மண்ணின் பெயர் ஒன்றுகூட வரவில்லை. பெயரே எழுதப்படவில்லை என்று சொல்ல முடியாது. எழுதினார்கள், தூக்குமரத்துக்குப் போனபோது. சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட்டாக உயர்ந்த முகமது யூசுப் கான், பனையூர்க்காரர், 1758-59ல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவருடைய தானிய வண்டிகளைத் துரத்தித் துரத்திப் பறித்தவர். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்களின் தலைவர்கள் ஷேக் ஆதம், ஷேக் காசிம் என்ற பெயர்களை நாம் அறிவோம். விசாரணைக் காகிதங்களில் அவை வந்ததால் அறிவோம். எஜமானுக்காகச் செத்த சிப்பாய் எண்ணிக்கை ஆனான். எஜமானை எதிர்த்த சிப்பாய்தான் பெயர் ஆனான். கும்பினியின் பேனாவுக்கு நாம் இதற்காக நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ.

இது வெள்ளைக்காரன் வழக்கம் மட்டும்தானா, படை என்றாலே இப்படித்தானா என்று கேட்கலாம். அதற்கு விடை செங்கத்திலேயே இருக்கிறது.

1767ல் ஸ்மித்தின் சிப்பாய்கள் குன்றேறிய அதே செங்கம் வட்டாரத்தில்தான், தமிழ்நாட்டின் மிகப் பழைய நடுகற்களில் ஒரு பெரும் தொகுதி கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்தபோது, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலையே வெளியிட்டது. பல்லவர் காலக் கற்கள் அவை. அரசனின் ஆட்சியாண்டு, அவனுக்குக் கீழே யார், அவர்களுக்குக் கீழே யார், அந்த யாருடைய ஆள் எந்தச் சண்டையில் பட்டான் என்று வரிசையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் மாட்டுச் சண்டைதான். நாடு பிடிக்கும் போர் அல்ல; தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்தவர்களோடும் மீட்டவர்களோடும் நடந்த ஊர்ச் சண்டை. கல்லில் முதலில் ராஜா வருகிறான், மறுப்பதற்கில்லை. ஆனால், கல் நிற்பது ராஜாவுக்காக அல்ல. கடைசியில் வரும் பெயருக்காக.

எடுத்தனூர்க் கல் அதில் ஒன்று. மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப்போய் இறந்தவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனுடைய நாய் கள்ளனைக் கடித்து, அந்த இடத்தை விட்டு அகலாமல் காத்து நின்றது. அந்த நாயின் உருவத்தையும் செதுக்கி, பெயரையும் வெட்டினார்கள். கோவிவன்.

கட்டுரைக்குத் தலைப்பு வைத்தபோது, சிப்பாய்களையும் நாயையும் ஒரே வரியில் வைப்பதா என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். அவமரியாதை யாருக்கு என்று நான் அவரைத்தான் கேட்டேன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பு ஒரு மந்தைக்காரனின் நாய்க்கு இந்த ஊர் கொடுத்த இடத்தை, ஆயிரத்து நூறு வருஷம் கழித்து வந்த, அச்சுக்கூடமும் கணக்குப்பிள்ளைகளும் வைத்திருந்த ஓர் அரசு அந்த நால்வருக்குக் கொடுக்கவில்லை.

கும்பினி போய் ராணி வந்தபிறகும் இது பெரிதாக மாறவில்லை. அதிகாரி என்றால் வெள்ளைக்காரர். நம் ஆள் சுபேதார் மேஜரோடு நின்றுவிட வேண்டும். பின்னாளில் இந்தியப் படையின் தலைமைத் தளபதியான கரியப்பா போன்றவர்கள் மன்னரின் ஆணைபெற்ற அதிகாரி ஆனதே 1919இல்தான். முதல் உலகப்போரில் செத்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021 ஏப்ரலில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது: ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் குறைந்தது ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரைப் பெயர் சொல்லியோ, பலரை எவ்விதத்திலுமோ நினைவுகூராமல் விட்டுவிட்டோம் என்று. நூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு.

இன்றைய கதை வேறு. நம்முடைய ராணுவத்தில் அதிகாரியும் வீரரும் ஒரே இடத்தில் விழுகிறார்கள். அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. 1999 மே 29 அன்று பட்டாலிக்கில், பிகார் படைப்பிரிவின் மேஜர் சரவணன், நம்ம திருச்சிக்காரர், எதிரியின் பதுங்குகுழியை நோக்கி ஏறினார். வயிற்றில் காயம்பட்டும் திரும்பச் சொன்ன உத்தரவைக் கேட்கவில்லை. மேலே போய் விழுந்தார். உடலை மீட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா. திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவரோடு அந்த மலையில் விழுந்தவர்களில் ஒருவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். அவருக்கும் வீர் சக்ரா. அவர் பெயர் பிகாரில் தெரியும். திருச்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2014 ஏப்ரல் 25, சோபியான் மாவட்டத்துக் காஜிபத்ரி. மேஜர் முகுந்த் வரதராஜன். ‘அமரன்’ படம் வந்தபிறகு இந்தப் பெயரைத் தெரியாத தமிழர் இல்லை. போளூரிலும் செய்யாறிலும் தியேட்டரில் அழுதார்கள். அன்று அவரோடு இறந்த சிப்பாய் விக்ரம் சிங்குக்கு சௌர்ய சக்ரா கிடைத்தது. படத்தில் அவரும் வருகிறார் என்பதே நல்ல மாற்றம். ஆனாலும் படம் பார்த்து வெளியே வந்தவர்களிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். சினிமாவைக் குறை சொல்லவில்லை. ஒரு கதைக்கு ஒரு நாயகன் போதும் என்று பழகியது நம் மனசுதான்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பற்றிச் சொல்லாமலும் போகக்கூடாது, சொல்வதும் எளிதல்ல. 1987 நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணத்துக் கந்தரோடை. தேடுதலிலிருந்து திரும்பிய அவருடைய இந்திய அமைதிப்படைப் பிரிவை விடுதலைப் புலிகள் சூழ்ந்தார்கள். அவர் அமைதியாக எதிரியின் பின்பக்கமாகச் சுற்றிவந்து தாக்கினார். நெஞ்சில் சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். சாகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். பரம்வீர் சக்ரா. சுட்டவரும் தமிழ் பேசியவர், சுடப்பட்டவரும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் போரில் நம் படையை அனுப்பியது சரியா என்ற கேள்வியை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. ஃபிளின்ட்டின் நால்வரும் ஹைதருக்கு எதிராகத்தான் நின்றார்கள். எதிரே இருந்தவர்களிலும் இந்த மண்ணின் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். செங்கத்து நடுகல் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. மாடு கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டவனுக்கும் கல் உண்டு.

டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கற்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு கல். ஜெனரலுக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று இல்லை, ஒரே அளவு. அதை வடிவமைத்தவர்களுக்குச் செங்கம் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால், அந்தச் சுவரைப் படத்தில் முதலில் பார்த்தபோது எனக்கு எடுத்தனூர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கண்ணமங்கலம் தாண்டினால் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர். லீவில் வரும் மிலிட்டரிக்காரர்களுக்கு இங்கே பெண் கொடுக்கப் போட்டி உண்டு. அவர்கள் பெட்டியில் வரும் கேன்டீன் சரக்குக்கும் போட்டி உண்டு. இவர்களில் எவருடைய கொள்ளுத்தாத்தாவின் தாத்தா 1767ல் செங்கத்துக் குன்றில் ஏறினார், 1780ல் வந்தவாசி வாசலில் நின்றார்? ஒருவேளை யாருமே இல்லை. ஒருவேளை அந்த நால்வரில் ஒருவருடைய வம்சம் இன்றும் சேத்துப்பட்டுப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினியின் ராணுவக் காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஹைதர் காலத்தைப் படிக்கிற ஓர் ஆய்வு மாணவர், கோட்டைக் கைப்பற்றல் பற்றிய கடிதங்களில் இந்த நால்வரைத் தேடிப் பார்க்கலாம். கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் வந்தவாசியில் அந்த வாசல் இருந்த இடத்தில் ஒரு கல் வைக்க மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள் என்று ஆறு படிகள் சொல்கிறது, அத்தனையும் வேண்டாம். வருஷம், மாதம், தேதி. லெப்டினன்ட் ஃபிளின்ட்டின் பெயர், அவருக்கு உரியது அவருக்கு. அடுத்து, ‘இவரோடு உள்ளே போன நால்வர்’ என்று எழுதி, அதற்குக் கீழே நான்கு வரிக்கு வெற்றிடம் விட வேண்டும்.